பொறி எழுதியதைப் பொம்மை கேட்டது

பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதைக்குள் போவோம்.

மாவடிபுரம் என்று ஒரு குட்டி ராஜ்ஜியம். ராஜா பேர் குமரசிங்கர். சண்டைக்குப் போகிற ராஜா இல்லை, எழுதுகிற ராஜா. தினமும் காலையில் மனசில் பட்டதை ஓர் ஓலையில் எழுதுவார். அரண்மனை விகடகவி பிச்சாண்டி அதைச் சந்தைச் சாவடியில் நின்று உரக்கப் படிப்பார். சனங்கள் சொல்கிற பதிலை ஒன்று விடாமல் ராஜா காதில் போடுவார். இப்போது பிள்ளைகள் வலைப்பூ என்று எழுதுகிறார்களே, அதேதான். என்ன, அது ஓலையில் பூத்தது.

ராஜா ஒன்றும் பெரிதாக எழுதிவிட மாட்டார். "நேற்று பட்டத்து யானை என் தலைப்பாகையை உருவிவிட்டது. அதன் தலைக்குத்தான் எடுப்பாக இருந்தது" என்று எழுதுவார். சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அப்படி இருக்கையில், கடல் தாண்டி வந்த ஒரு வியாபாரி ஒரு பொறியைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எதைப் பற்றி என்று மட்டும் சொல்லுங்கள் மகாராஜா. பிடியைச் சுற்றினால் எழுதின ஓலை தானாக வந்து விழும்."

"அப்படியானால் காலையில் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்று ராஜா வாங்கிப் போட்டுவிட்டார்.

முதல் நாள் 'மழை' என்று சொல்லிப் பிடியைச் சுற்றினார். பிச்சாண்டி சாவடியில் படித்தார்: "மழை மிகவும் முக்கியமானது. மழையில் பல நன்மைகள் உண்டு. சில தீமைகளும் உண்டு. ஆகவே மழையைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது."

பருத்திக்கொட்டை விற்கிற ஆண்டாயி கேட்டாள்: "ஏங்க, ராஜாவுக்கு மறுபடியும் காய்ச்சலா?"

மறுநாள் 'உப்பு'. உப்பும் முக்கியமானதுதான். அதிலும் நன்மைகள் உண்டு, தீமைகள் உண்டு. கூட்டம் பாதியானது. அடுத்த வாரம் ஓர் ஆடுதான் நின்றது. அது ஓலையை இழுத்து மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

பிச்சாண்டி அதையும் விடாமல் போய்ச் சொன்னார். ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எழுத்தில் குறையில்லை. நீ படிக்கிற லட்சணம் அப்படி. வெள்ளிக்கிழமை நானும் ராணியும் சாவடிக்கு வருகிறோம். திடல் கொள்ளாமல் தலைகள் ஆட வேண்டும். ஆடவில்லையோ, உனக்கு யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ளுகிற வேலைதான்."

பிச்சாண்டி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "ராஜாவே எழுதட்டும், அடுப்பில் சோறு இருந்தாலும் ஓடி வருகிறோம்" என்றார்கள். அதை ராஜாவிடம் போய்ச் சொன்னால் அன்றைக்கே லத்திதான். முருகா என்று நடந்தவர் பொம்மைக்காரத் தெருவில் நின்றார். கொலுவுக்கு விற்காமல் தங்கிப்போன பொம்மைகள் வாசலெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன. பிச்சாண்டிக்கு முகம் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை ராஜாவும் ராணி வடிவாம்பிகையும் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். திடல் முழுக்கத் தலையாட்டிப் பொம்மைகள். காற்றுக்கு ஒரே ஆட்டம். வேடிக்கை பார்க்க ஊரே சுற்றி நின்றது.

"என்ன பிச்சாண்டி இது?"

"திடல் கொள்ளாமல் தலை ஆடுகிறது மகாராஜா."

"நான் ஆட்களை அல்லவா கேட்டேன்?"

"எழுதினது ஆள் இல்லையே மகாராஜா. கேட்கிறதுக்கு மட்டும் ஆள் எதுக்கு?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதைக் கேட்டுவிட்டுப் பேசு. ராணியைப் பற்றி இன்று காலை வந்த ஓலை" என்று தானே எடுத்துப் படித்தார். "ராணி மிகவும் முக்கியமானவர். கார்மேகம் போன்ற அவருடைய கூந்தல் கணுக்கால் வரை புரள்கிறது."

பொம்மைகள் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டின.

ராணி மெல்ல முக்காட்டை எடுத்தார். தலை மொட்டை. போன மாசம் ராஜா காய்ச்சலில் கிடந்தபோது மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு இறக்கின முடி.

"பிச்சாண்டி, நான் மொட்டை போட்டது என் புருஷனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் தாயே. பொறிக்குத்தான் தெரியாது."

ராஜா ஓலையை மடித்தார். அப்படியே சாவடிப் படியில் உட்கார்ந்து எழுத்தாணி கேட்டார். வெகுநேரம் தலை நிமிரவில்லை. எழுதி முடித்ததும் அவரே படித்தார்.

"நான் பிழைக்க ராணி முடி கொடுத்தாள். திரும்பி வந்த கையோடு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கசக்கிறது என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தலையில் முடி இருந்து என்ன பிரயோசனம்?"

ஆண்டாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்: "இப்பவாவது சொல்லுங்க ராஜா."

ராஜா ராணி பக்கம் திரும்பினார். "கஷாயம் நன்றாகத்தான் இருந்தது."

"பொய்" என்றார் ராணி. ஆனால் சிரித்துவிட்டார். சந்தையும் சிரித்தது.

மறுநாள் சபை கூடியது. ராஜா பிச்சாண்டிக்குத் தங்கக் காப்பு அணிவித்தார்.

"அந்தப் பொறியை உடைத்துவிடலாமா?"

"வேண்டாம் மகாராஜா. பக்கத்து நாட்டு ராஜாக்களுக்கு வாழ்த்து ஓலை அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படியும் யாரும் படிக்கிறதில்லை."

"பொம்மைகளை என்ன செய்வது? பாவம், ஒரு நாள் எனக்காக ஆடியிருக்கின்றன. இந்தச் சபையிலேயே உட்கார வைத்துவிடேன்."

பிச்சாண்டி சபையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"இங்கே ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது மகாராஜா."

மந்திரி பிரதானிகள் எல்லாரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள்.