நூற்றுப்பதினேழாம் எண்

தை மாதம் மூன்றாம் ஞாயிறு மலையோட்டம். பத்து, இருபத்தைந்து, ஐம்பது, எண்பது கிலோமீட்டர் என்று நான்கு தூரங்கள். பெயர் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

சேலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தினகரன், தனக்கு ஓட்டம் பழக்கிய மரகதம் டீச்சரைத் தேடி அடிவாரத்துக்கு வந்தான். பாதையில் அடையாளம் கட்டுவதற்காக டீச்சர் சிவப்புத் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"எண்பதுக்குப் பேர் கொடுக்கப் போறேன் டீச்சர். சடையன் அண்ணன் பேரைச் சட்டையில எழுதிக்கிட்டு ஓடுறேன். அப்பவாவது இந்தப் பாரம் குறையுமா?"

டீச்சர் கிழிப்பதை நிறுத்தவில்லை.

என்ன பாரம் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் தினகரன் ஐம்பது ஓடினான். பாதி வழியில், வெள்ளச்சியின் டீக்கடை கிட்டே வந்ததும் முழங்கால் கைவிட்டுவிட்டது. ஓட்டத்தை நிறுத்துகிறவர்கள் அந்தக் கடையில் சொல்லிவிட்டு, மார்பில் குத்திய எண் அட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கடந்து போகிறவர்கள், நிற்கிறவர்கள் எல்லோருடைய நேரத்தையும் வெள்ளச்சி ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். அதுதான் வழக்கம். நம் மகாராஜாவுக்கு, முடியவில்லை என்று வாயால் சொல்ல வெட்கம். கடைக்குப் பின்பக்கமாக நழுவி, காய்கறி ஏற்றிப்போன ஜீப்பில் தொற்றி வீட்டுக்குப் போய், செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கினான்.

வெள்ளச்சியின் புருஷன்தான் சடையன். கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து, ஒருவரையும் மலையில் விடாமல் கூட்டி வருவது அவர் வேலை. எண்ணிப் பார்த்தபோது ஓர் ஆள் குறைந்தது. மூடுபனிக்குள் திரும்பிப் போனார். மறுநாள் பள்ளத்தில் பிணமாகக் கிடந்தார். தினகரன் சாவுக்குக்கூட வரவில்லை. எந்த முகத்தோடு வருவான்?

டீச்சர் கேட்டார். "அந்த நம்பர் எங்கே?"

"பையிலதான் வச்சிருக்கேன்."

"அப்போ எண்பது எதுக்கு? போன வருஷத்து ஐம்பதே உனக்கு இன்னும் முடியலை. வெள்ளச்சி தாள்ல நீ இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கே."

அந்த அம்மா முகத்தைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்றான் தினகரன். வேறு எது சொன்னாலும் செய்கிறேன் என்றான்.

"ஓர் ஆள் குறையுது, போய்ப் பாருங்கன்னு சடையனைப் போன்ல கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினது நான்," என்றார் டீச்சர். "அதைச் சொல்ல நானும் அந்த ஏற்றம் ஏறினேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"நீ ஏறு," என்றார் டீச்சர்.

ஏறினான். இரண்டு மணி நேரம் ஆனது. வெள்ளச்சிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. யாரோ வழிப்போக்கன் என்று டீ ஆற்றப் போனாள். அவன் கசங்கிய எண்ணை எடுத்துப் பலகைமேல் வைத்தான்.

"நூத்திப்பதினேழு. நான் நின்னுட்டேன்."

வெள்ளச்சி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். பிறகு பிஸ்கட் டப்பாவிலிருந்து போன வருஷத்துத் தாளை எடுத்தாள். எல்லா எண்ணுக்கும் நேராக மணி எழுதியிருந்தது, ஒன்றைத் தவிர.

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம் ஒண்ணேகாலுக்கு."

எழுதினாள். "எந்த இடத்துல?"

கடைக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தைக் காட்டினான். இருபதடிகூட இருக்காது.

"அன்னைக்குப் பூரா நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்," என்றாள் வெள்ளச்சி. "மூணு மணிக்கு அவர் இந்தப் பலகையிலதான் டீ குடிச்சார். அப்புறம்தான் உன்னைத் தேடித் திரும்பினார்."

தாளை மடித்து டப்பாவில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் தினகரன் கீழே வந்தான். துணி முழுக்க நாடாவாகிக் குவிந்திருந்தது.

"சொல்லிட்டேன் டீச்சர். மன்னிச்சேன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லலை."

டீச்சர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"அதை வாங்கத்தான் ஏறினியா?"