கூனிப்பாறை தெரிகிறதா

“நாம ஏத்திட்டுப் போறது மனுஷனையா, மூட்டையையா?” என்று கேட்டார் ஜெயசீலன்.

ஹலீமா ஹெலிகாப்டரின் வால் பக்கம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறுபது கிலோ, கரடிக்காடு பள்ளி மைதானம். இவ்வளவுதான் சொல்றாங்க. ஆம்பளையா பொம்பளையா, என்ன நோவு, ஒண்ணும் கிடையாது. மளிகைக் கடையில அரிசி போடறவன்கூட இதைவிட அதிகமாப் பேசுவான் மேடம்.”

ஹலீமா நிமிர்ந்தார். துணியில் கையைத் துடைத்தார்.

“எடை தெரிஞ்சா போதும் சார். எவ்வளவு எரிபொருள் போடணும்னு தெரியணும்ல.”

அதைச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அது மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தளம். ஒரு ஹெலிகாப்டர், ஒரு தகரக் கொட்டகை, ஒரு ரேடியோ அறை. மலைமேல் ஊர்களில் யாருக்காவது உயிர் ஊசலாடினால் இங்கிருந்து பறந்து போய்த் தூக்கி வர வேண்டும்.

ஓட்டுவது ஒரே ஆள். பின்னால் நோயாளியும் நர்சும். நடுவில் ஒரு திரை. அந்தத் திரையை விலக்கிப் பார்க்கக் கூடாது என்பது தளத்தின் தலைமை விமானி ஹலீமா போட்ட சட்டம்.

ஜெயசீலன் பழம் தின்று கொட்டை போட்டவர். கடற்படையில் தலை நரைக்கும்வரை ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஆனால் அங்கே எப்போதும் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். இங்கே தனியாகப் பறப்பதற்கு ஹலீமா சரி என்று சொல்ல வேண்டும். ஹலீமாவோ அவருக்குத் தங்கை வயது.

அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது. மறைக்கத் தெரியாத மனிதர், பாவம்.

அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனிமேல் வானம் கிடையாது. வீட்டு மொட்டைமாடிதான்.

அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மேகம் ஊருக்குள் நடமாடும். காலையில் மெல்ல இறங்கி வரும், கொட்டகையைச் சுற்றும், ரேடியோ அறை சன்னலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். மயில் அகவுவது எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியாது. விழித்திருக்கிறோமா, இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறோமா என்று புதிதாக வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மலைமுகட்டில் ஒரு பாறை இருந்தது. முதுகு வளைந்த கிழவி போல இருப்பதால் கூனிப்பாறை என்று பேர். தளத்தின் ஒரே வேதம் அதுதான். பாறை முழுசாகத் தெரிந்தால் பறக்கலாம். தெரியாவிட்டால் பறக்கக் கூடாது. யார் கேட்டாலும், எதற்காகக் கேட்டாலும்.

“இது என்ன பெரிய வித்தையா?” என்று சிரித்தார் ஜெயசீலன். “இருந்தா தெரியும். இல்லேன்னா தெரியாது.”

“அப்படித்தான் சார்” என்றார் ஹலீமா.

ஒரு நாள் இருவரும் பயிற்சிக்காகப் பறந்துவிட்டு இறங்கினார்கள். விசிறி நிற்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலனுக்கு மனசுக்குள் இருந்தது வெளியே வந்தது.

கப்பலில் அவர் தப்புச் செய்தால் பக்கத்தில் இருப்பவன் சொல்லுவான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், இவரும் சொல்லியிருக்கிறார். இங்கே பக்கத்து இருக்கை காலி. யார் தன்னைத் தடுப்பார்கள் என்று கேட்டார். கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பயம்தான். அதைப் பயம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஹலீமா பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

“இதைக் காலியாவே வெச்சுக்குங்க சார். அது போதும்.”

“காலியாத்தானே இருக்கு?”

“நோயாளி பின்னாடிதான் படுத்திருப்பாங்க. அவங்க கதை எந்திரிச்சு வந்து இங்க உக்காந்துக்கும்.”

ஜெயசீலனுக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். நாமெல்லாம் செய்வதுதான்.

பிறகு ஒரு காலை. மேகம் முகட்டை மூடியிருந்தது.

ரேடியோ அறையிலிருந்து லூர்து வந்தான். அழைப்புகளை வாங்கிச் சொல்பவன் அவன்தான். மேலே ஆஸ்பத்திரிக்கு நாலைந்து நாற்காலி கொண்டுபோக வேண்டுமாம், கிளம்பலாமா என்று கேட்டான்.

ஜெயசீலன் வெளியே வந்து முகட்டைப் பார்த்தார். ஒரு பார்வைதான்.

“பாறையைக் காணோம். நாற்காலி நாளைக்கு உக்காரட்டும்” என்றார்.

லூர்து போனான். தேநீர் வந்தது. மேகம் அசையவில்லை. தேநீர் ஆறுவதற்குள் லூர்து திரும்பி வந்தான். இந்த முறை ஓடி வந்தான்.

“சார், ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பாப்பா. பாம்பு கடிச்சிருச்சாம். வாயில நுரை தள்ளுதாம்.”

ஜெயசீலன் எழுந்தார். டம்ளர் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. வெளியே போய் முகட்டைப் பார்த்தார். இந்த முறை நிறைய நேரம் பார்த்தார்.

“தெரியுது” என்றார். “மங்கலாத்தான். ஆனா தெரியுது.”

போய் ஏறி உட்கார்ந்து பட்டையைப் பூட்டினார். ஹலீமா கதவருகே வந்து நின்றார். தடுக்கவில்லை. கண்ணாடியில் எழுதும் பேனா ஒன்றை நீட்டினார்.

“பாறை எங்க இருக்குன்னு முன்கண்ணாடில வரைஞ்சு காட்டுங்க சார்.”

“மேடம், குழந்தை…”

“வரைஞ்சுட்டுப் போங்க.”

அவசரமாக வரைந்தார். முதுகு வளைவு, தலை, காலடியில் புதர். எல்லாம் சரியாக வந்தது. கண்ணெதிரே இருப்பதை வரைவதற்கு என்ன கஷ்டம்? பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவிட்சில் கை வைத்தார்.

ஹலீமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இருங்க.”

ஜெயசீலன் திட்டினார். கடற்படையில் கற்ற வார்த்தைகள், இங்கே எழுத வேண்டாம். ஹலீமா கையை விடவில்லை. கோபமும் படவில்லை. இருவரும் அப்படியே முகட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் காலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதே தெரியாது.

மேகம் மெதுவாக விலகியது.

பாறை வெளியே வந்தது. கண்ணாடியில் வரைந்த இடத்தில் இல்லை. இரண்டு கை அகலம் தள்ளி, இடது பக்கம் நின்றது. வரைந்த இடத்தில் வெறும் சரிவும் மரங்களும் இருந்தன. வரைந்த பாறையை நம்பி ஓட்டியிருந்தால் நேராக அந்த மரங்களுக்குள்தான் போயிருப்பார்.

ஜெயசீலன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“குழந்தை?” என்று கேட்டார்.

“குழந்தை இல்ல சார். நாற்காலியும் இல்ல.”

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேடம் சொல்லச் சொன்ன பொய்தான் என்றாலும் அவனுக்கு வெட்கம்.

ஹலீமா ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார். ஜெயசீலன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே ஹலீமா தன்னை ஊருக்குப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்துப் பெட்டியைக்கூட எடுத்து வைத்தார். ஆனால் ஹலீமா அந்த வாரமே அவர் தனியாகப் பறக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு ஜெயசீலன் கேட்பதை விட்டுவிட்டார். எடையும் ஊரும் சொன்னால் போதும். இறங்கும் இடங்களில் யாராவது அழுதுகொண்டு பக்கத்தில் வந்தால் அவர் இயந்திரத்தைப் பார்ப்பது போல் திரும்பிக்கொள்வார். கல்நெஞ்சன் என்று மலைமேல் பேர் வந்தது. திரைக்குப் பின்னால் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கும்போது, பின்னால் யாரோ முனகுவது கனவில் கேட்பது மாதிரி இருக்கும். அவருக்கு அது பழகிவிட்டது. பக்கத்து இருக்கை காலியாக வந்தது.

ஒரு நாள் ஹலீமாவின் முறை. ஜெயசீலனுக்கு ஓய்வு. குடியிருப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

லூர்து வந்து கூப்பிட்டான். மேடம் வரச் சொன்னார்களாம், பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இவருக்கு எரிச்சல். இன்றைக்கு முறை யாருடையது? இருந்தாலும் ஈரக்கையோடு போனார்.

ஹலீமா தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். முகட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“நாற்பத்தெட்டு கிலோ. மந்திமேடு. பாத்துச் சொல்லுங்க சார்.”

ஜெயசீலன் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. வெள்ளைக்குள் கறுப்பாக ஏதோ வந்து வந்து போயிற்று.

“தெரியல மேடம்.”

“நல்லாப் பாருங்க.”

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். கறுப்பாக இருந்தது கலைந்து வேறு பக்கம் போனது. அது மேகத்தின் நிழல்.

“இல்ல. தெரியல.”

ஹலீமா இன்னொரு தடவை கேட்டார். அதே பதிலைச் சொன்னார் ஜெயசீலன். இந்தப் பெண் என்ன, சொன்னதையே சொல்ல வைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“சரி. ரோட்டுல கொண்டுவரச் சொல்லிடு லூர்து” என்றார் ஹலீமா.

ரோட்டில் வந்தால் அரை நாள் ஆகும். மலை முழுக்க வளைவு. வழியிலேயே போனவர்கள் உண்டு. அது மூன்று பேருக்கும் தெரியும்.

இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். மேகம் கீழே இறங்கி வந்து அவர்களையும் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவரின் முகமே சரியாகத் தெரியவில்லை. ஜெயசீலன் பொழுதுபோகக் கதை சொன்னார். கப்பலில் சமையல்காரன் மீன்குழம்பில் சர்க்கரை போட்ட கதை. அவரே சிரித்தார். ஹலீமா “ம்” கொட்டினார். நடுவில் எங்கோ ஜெயசீலனுக்குக் கண் சொருகியது. விழித்தபோது ஹலீமா அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் ரோட்டின் மேல் இருந்தது.

மாலையில் ஆம்புலன்ஸ் விளக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் வண்டி தெரிந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவதற்காகத் தளத்தில் நின்றது.

பின்கதவைத் திறந்தார்கள். ஜெயசீலன் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உம்மா” என்று ஒரு குரல் கேட்டது.

ஹலீமாவின் குரல்.

ஜெயசீலன் திரும்பினார். ஹலீமா வண்டிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். படுத்திருந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி. மூக்கின் மேல் ஆக்சிஜன் மூடி. முக்காடு நழுவியிருந்தது, அதை ஹலீமா சரி செய்தார். அந்த அம்மாவுக்குக் கண் திறக்க முடியவில்லை. மகளின் மணிக்கட்டை மட்டும் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். மூச்சு இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரி இன்னும் தூரம் இருந்தது.

ஜெயசீலன் ஒரு அடி கிட்டே போனார். இதை வைத்துக்கொண்டா இந்தப் பெண் தன் பக்கத்தில் உட்கார்ந்து மீன்குழம்புக் கதை கேட்டது?

சிலிண்டரை மாற்றிவிட்டார்கள். டிரைவர் ஏறிக்கொண்டான். ஜெயசீலன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா மேடம்?”

“பக்கத்து வீட்டுல இருந்து எனக்கே போன் பண்ணிட்டாங்க சார்.”

“முறை உங்களோடது. ஹெலிகாப்டர் உங்க கையில இருந்துச்சு. துணி துவைக்கிறவனை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

ஹலீமா தாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்களுக்கு முன்னாடி நான் பாத்தேன் சார்.”

கதவு மூடப் போயிற்று.

“எனக்குப் பாறை பளிச்சுன்னு தெரிஞ்சுது.”