ஏழு ஆள் ஆழம்

"அம்மா, கொம்பையாவை அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றார் வைத்தியலிங்கம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்கே?"

"வேலையை விட்டு."

வைத்தியலிங்கம் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, பொட்டல் நடுவில் இருந்த இந்த ஆசிரமத்தைத் தேடி வந்தார். ஆசிரமம் என்றால் இரண்டு ஓலைக் கொட்டகை, ஒரு வேம்பு. அங்கே எல்லோரும் 'அம்மா' என்று அழைத்த குருவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். தன்னைவிட இருபது வயது இளையவரின் காலில் விழுந்து, "மனசு அடங்கணும்" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

அம்மா அவரிடம் ஒரு கிணற்றை ஒப்படைத்தார்.

அப்போது அது கிணறு இல்லை. சுண்ணாம்பால் போட்ட ஒரு வட்டம்.

இப்போது ஏழு ஆள் ஆழம். இன்னும் ஊற்று தட்டுப்படவில்லை.

வேலைக்கு மூன்று பேர். உள்ளே இறங்கி வெட்டுபவர் கொம்பையா. மேலே நின்று கப்பிக் கயிற்றை இழுப்பவர் மீரான், கடற்கரைக்காரர். ஏறி வரும் கூடையை வாங்கிக் கொட்டுகிறவள் பவளம்.

"கொம்பையா என்ன செஞ்சார்?" என்று கேட்டார் அம்மா.

"வாயைத் திறந்தா வசவுதான். நேத்து ஊர்ப் பெரியவங்க கிணத்தைப் பாக்க வந்திருந்தாங்க. உள்ளேயிருந்து எங்க அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான். அவங்க முன்னாடி."

"உங்க அம்மாவை அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவங்க போய் இருபது வருஷம் ஆச்சு."

அம்மா புழு அரித்த ஓர் இலையைக் கிள்ளித் தூரப் போட்டார்.

"மத்தவங்க?"

"பவளம் எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறா. முந்தாநாள் கயிறு வழுக்கிக் கூடை ரெண்டடி கீழே போச்சு. அதுக்கும் சிரிப்பு. மீரான் பரவாயில்லை. பேசவே மாட்டார். எல்லாரும் மீரான் மாதிரி இருந்தா இந்நேரம் தண்ணி வந்திருக்கும்."

"கொம்பையாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊற்று காணும் முன் அனுப்பப்பட்ட ஆளை வேறு எந்தக் கிணற்றுக்கும் கூப்பிட மாட்டார்கள். 'வறட்டுக் கை' என்பார்கள். கொம்பையாவுக்குக் கிணறு வெட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

இது அம்மாவுக்கும் தெரியும். வைத்தியலிங்கத்துக்கும் தெரியும்.

"நீங்க கிணத்துக்குள்ள இறங்கியிருக்கீங்களா?"

"மேலேயிருந்தே எல்லாம் தெரியுது அம்மா."

அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"தலையில கட்டிக்கோங்க. வெயில் உள்ளேயும் இருக்கும்."

*

"சட்டையைக் கழட்டிருங்க அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "உள்ளே அதிகாரிக்குன்னு தனி நாற்காலி போடல."

பவளம் சிரித்தாள்.

"இன்னொண்ணு. கயிறு கீழே இருக்கிறவனுக்குச் சொந்தம். நீங்க 'ஏத்து'ன்னாத்தான் ஏத்துவோம். 'நிறுத்து'ன்னா நிறுத்துவோம். மேலே நிக்கிறவன் வாய்க்கு இங்கே வேலை இல்லை."

வைத்தியலிங்கம் நூலேணியில் இறங்கினார்.

உள்ளே தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. கடப்பாரையால் நாலு குத்துக் குத்தினார். சில்லுகளை அள்ளிக் கூடையில் போட்டார்.

"ஏத்து!"

கூடை ஏறியது. அவர் நிரப்பிய கூடை அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டு போனது. விலகி நிற்கலாம் என்று பார்த்தார். விலக இடம் இல்லை.

ஒரு பொடிக் கல் விழுந்து தோளில் பட்டது. கடலை அளவுகூட இருக்காது.

வைத்தியலிங்கம் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது வார்த்தை மீரானின் அம்மாவைப் பற்றியது.

மேலே கூடை நின்றுவிட்டது.

பிறகு கொம்பையாவின் குரல் கேட்டது. "நல்லா வருதே அண்ணாச்சி! எங்கே, இன்னொரு தரம்!"

*

"புரிஞ்சிருச்சு அம்மா" என்றார் வைத்தியலிங்கம். முழங்கையில் சிராய்ப்பு. முகம் தெளிந்திருந்தது. "ஆள் மேல தப்பே இல்லை. குழிதான் பேசுது. யார் இறங்கினாலும் அப்படித்தான் பேசுவாங்க."

"அப்படியா?" என்றார் அம்மா.

"ஆமா. நாளைக்கு மீரானை இறக்கறேன். கொம்பையா கயிறு இழுக்கட்டும். ஆளை மாத்தி மாத்தி விட்டா, யாருக்கும் அந்த வாய் வராது."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியலிங்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

*

மறுநாள் மீரான் இறங்கினார்.

குழி பேசவில்லை.

மீரான் "ஏத்து" என்றுகூடச் சொல்லவில்லை. கூடை நிறைந்ததும் கயிற்றை இரண்டு முறை ஆட்டுவார். கொம்பையா இழுப்பார். பத்துக் கூடை, பதினைந்து கூடை. ஒரு வசவு இல்லை.

வைத்தியலிங்கம் வேம்படியில் உட்கார்ந்து குழம்பினார். குழிதான் பேசுகிறது என்றால், மீரான் ஏன் பேசவில்லை? மீரானின் குணம்தான் அப்படி என்றால், முப்பது வருஷம் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லாத நான் ஏன் நேற்று அப்படிப் பேசினேன்?

மீரானே தினமும் இறங்கினால் கொம்பையா எதற்கு என்றும் ஓர் எண்ணம் வந்தது.

பதினெட்டாவது கூடைக்குக் கயிறு ஆடவில்லை.

கொம்பையா காத்திருந்தார். கீழே எட்டிப் பார்த்தார். புழுதிதான் தெரிந்தது.

"என்னப்பா நிக்கிறே?" என்று கேட்டபடி வந்தார் வைத்தியலிங்கம்.

"இன்னும் ஆட்டல அண்ணாச்சி."

"கூடை நிறைஞ்சிருக்கா?"

"கயித்துல கனம் தெரியுது, நிறைஞ்சுதான் இருக்கு. ஆனா ஆட்டல."

"மறந்திருப்பார். இழு."

"கயிறு அவருது அண்ணாச்சி."

"நான் சொல்றேன், இழு."

கிணற்று விளிம்பில் நின்ற பவளம் சிரித்தாள்.

"பல்லைக் காட்டாதே" என்றார் வைத்தியலிங்கம்.

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரித்தாள்.

கொம்பையா இழுத்தார்.

கூடை பாதி ஏறியதும் சுவரில் இடித்தது. சுவரிலிருந்து தேங்காய் அளவு ஒரு கல் பெயர்ந்து விழுந்தது.

கீழே சத்தமே இல்லை.

"மீரான்!" என்று கத்தினார் கொம்பையா. "ஏலே மீரான்! உயிரோட இருக்கியால? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு! என்னைத் திட்டு! என் ஆத்தாளைத் திட்டு!"

பதில் இல்லை.

கொம்பையா கூடையை மேலே இழுத்து, எட்டி உதைத்து ஓரம் கட்டிவிட்டு நூலேணியில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம்.

மீரான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். கல் இடது பாதத்தில் விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண் மேலே, சுவரில் கல் பெயர்ந்த இடத்தையே பார்த்தது. அந்தக் கல் அசைவதைக் கூடை ஏறும் முன்பே அவர் பார்த்துவிட்டார். பார்த்தபின் கையும் எழவில்லை, குரலும் எழவில்லை.

அவரைத் தோளில் கட்டி மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள்.

"எனக்கும் புத்தி இல்லை" என்றார் கொம்பையா, வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "இவ சிரிச்சப்பவே கயித்தை விட்டிருக்கணும்."

"அவ சிரிச்சதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் வைத்தியலிங்கம்.

கொம்பையா அவரைப் பார்த்தார்.

"பயம் வந்தா அவளுக்குச் சிரிப்புதான் வரும் அண்ணாச்சி. புருசன் செத்த அன்னைக்கும் சிரிச்சா, ஊரே ஏசிச்சு. மூணு மாசமாப் பக்கத்துலயே நிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

*

மாலையில் வைத்தியலிங்கம் அம்மாவிடம் போனார். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தவறான துளையில் மாட்டியிருந்தது.

"அம்மா, மீரானை அனுப்பிடலாம்னு இருக்கேன்."

அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"ஆபத்துல வாய் வராத ஆளை வச்சுக்கிட்டு என்ன செய்ய? கொம்பையாவே இறங்கட்டும். ஏசினா ஏசிட்டுப் போகட்டும். இல்லேன்னா ரெண்டு பேரையுமே அனுப்பிட்டுப் புது ஆளைப் பாக்கலாம். ஒண்ணும் புரியலை அம்மா. குழிதான் காரணமா, குணம்தான் காரணமா?"

"நேத்து கொம்பையா" என்றார் அம்மா. "இன்னைக்கு மீரான்."

வைத்தியலிங்கம் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"பவளம் பயந்தா சிரிக்கிறா. மீரான் பயந்தா ஊமையாயிடுறார். கொம்பையா பயந்தா ஏசுறார்." அம்மா திரியை நிமிர்த்தினார். "நீங்க பயந்தா என்ன செய்வீங்க?"

"எனக்கென்ன பயம் அம்மா? பொறுப்பு இருக்கு. அவ்வளவுதான்."

"போய் அவங்களைக் கேட்டுட்டு வாங்க."

*

மூன்று பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். மீரானின் காலுக்குப் பவளம் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தாள். கொம்பையா கடப்பாரையைத் துடைத்துத் தனியே வைத்திருந்தார், எடுத்துப் போகிறவர்போல. ஆளை அனுப்பப் போகிற பேச்சு அவர்கள் காதுக்கும் வந்திருந்தது.

வைத்தியலிங்கம் எதிரில் வந்து நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"நான் பயந்தா..." என்று ஆரம்பித்தார். "நான் பயந்தா என்ன செய்வேன்?"

பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சொன்னாக் கோபப்படுவீங்க" என்றார் கொம்பையா.

"கோபப்பட மாட்டேன்."

"எப்பவும் இப்படித்தான் சொல்வீங்க."

"சொல்லுப்பா."

கொம்பையா தலையைச் சொறிந்தார். சொல்லவில்லை.

சொன்னது மீரான். அன்று முழுக்க வராத குரல் அப்போது மெதுவாக வந்தது.

"ஆளை அனுப்புவீங்க, அண்ணாச்சி."

வைத்தியலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆலையில் பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்த வாரம் மூன்று பேரை அனுப்பியது நினைவுக்கு வந்தது. தீக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், வேலை நேரத்தில் விசிலடித்தார் என்று ஒருவரை அனுப்பினார். நன்றாக விசிலடிப்பார். அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பொட்டலில் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?" என்றார் கொம்பையா. "இப்பவே சொல்லிருங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாத் தூங்குவேன்."

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கயிறு பழசாயிடுச்சு" என்றார். "மேற்குப் பக்கம் சுவர் நிக்குமான்னு தெரியலை. இன்னும் எத்தனை ஆள் ஆழம் போனா தண்ணி வரும்னும் தெரியலை. வராமலே போனா அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு..."

நிறுத்தினார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

கொம்பையாவும் மீரானும் திரும்பிப் பவளத்தைப் பார்த்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.