காட்டுக்கு ஒரே முரசு

ஆலங்காட்டுக் குளக்கரையில் கொண்டையன் என்றொரு மரங்கொத்தி இருந்தது. காய்ந்த கட்டையைக் குடைந்து முரசு செய்யும் வித்தை அதற்கு மட்டுமே தெரியும். அது செய்த முரசு ஒன்று குளத்தருகே இருந்தது. சிறுத்தையைப் பார்த்த யாராவது ஓடிவந்து அதை மூன்று முறை தட்டினால் போதும், காடே ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் குரங்கு வந்தது.

"கொண்டையன் அண்ணே! உங்க அலகு வேலைக்கு ஈடு உண்டா? எங்களுக்குன்னு ஒரு முரசு செஞ்சு குடுங்க!"

புகழ்ந்து பேசினால் கொண்டையனுக்குத் தலைகால் புரியாது. உடனே ஒன்று செய்து கொடுத்தது. பன்றி கேட்டது, அதற்கும் ஒன்று. மயில் கேட்டது, அதற்கும் ஒன்று. பத்தே நாளில் காட்டில் பதினோரு முரசு!

குரங்கு மாம்பழம் கிடைத்தால் தட்டியது. பன்றி சேற்றைக் கண்டால் தட்டியது. மயிலுக்கோ மேகம் தெரிந்தாலே போதும், தட்டித் தீர்த்துவிடும். முதலில் எல்லா விலங்குகளும் அலறி ஓடின. பிறகு எதுவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் குளத்து முரசு மூன்று முறை ஒலித்தது. முயல்தான் பதறிப்போய்த் தட்டியது.

"பன்றிக்கு நல்ல சேறு கிடைச்சிருக்கும்!" என்று சிரித்துக்கொண்டே கொண்டையன் எறும்பு தின்றது. தற்செயலாகக் கீழே பார்த்தது. மான்குட்டி ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புதருக்குள் சிறுத்தை!

ஐயோ, கொண்டையனுக்கு உயிரே போய்விட்டது. பறந்து போய்ச் சிறுத்தையின் மூக்கிலேயே ஒரு கொத்து! அது உறுமித் திரும்புவதற்குள் மான்குட்டி ஓட்டம் பிடித்தது.

அன்று மாலையே கொண்டையன் மற்ற பத்து முரசுகளையும் கொத்திச் சுக்குநூறாக்கியது.

மறுநாள் குரங்கும் பன்றியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

"எனக்கு வேற முரசு!"

"எனக்கும்!"

"தள்ளாதீங்க! ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க!" என்ற கொண்டையன், முதலில் குரங்கைக் குளக்கரைக்கு அழைத்துப் போனது. "இதோ உன் முரசு!" என்றது. அடுத்துப் பன்றியை அழைத்துப் போய் அதே முரசைக் காட்டியது. "இதோ உன் முரசு!"

"இது குரங்கோடதாச்சே!" என்று பன்றி முறைத்தது.

"மயிலோடதும் இதுதான். நாளைக்கு யானையே வந்து கேட்டாலும் இதுதான்! சிறுத்தை வந்தால் மட்டும் தட்டுங்க."

அடுத்த வாரம் மயில்தான் சிறுத்தையைப் பார்த்தது. ஓடிவந்து மூன்று தட்டு! கண்மூடித் திறப்பதற்குள் குளக்கரை காலி. சிறுத்தை வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. மரத்து மேலிருந்து குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன.

எல்லோரும் நம்பி ஓட வேண்டிய குரல் ஒன்றாக இருந்தால்தான் உயிரைக் காக்கும். ஆளுக்கொன்றானால் அது வெறும் சத்தம்தான்.