மிச்சத் துணி

கோர்ட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த ஞானசவுந்தரி லேசுப்பட்டவள் இல்லை. வீட்டு வழக்குக்காக வக்கீல் அனந்தநாராயணனிடம் முன்பணம் கட்டியிருந்தாள். முதல் விசாரணைக்கு முன்பே எதிராளி சமாதானத்துக்கு வந்துவிட்டான், வழக்கும் முடிந்தது. "செலவுக் கணக்கும் மிச்சப் பணமும் கொடுங்க ஐயா" என்று அவள் போய் நின்றபோதெல்லாம், "அடுத்த வாரம் வாம்மா" என்று வாய்தா போட்டே அனுப்பினார் வக்கீல்.

அவள் சண்டை போடவில்லை. அவர் தைக்கக் கொடுத்திருந்த புது கவுனைத் தைத்து முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

வக்கீல் வந்தபோது கடையில் வேறு நாலைந்து வக்கீல்களும் இருந்தார்கள். கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, "மிச்சத் துணி எங்கே?" என்றார்.

"அடுத்த வாரம் வாங்க ஐயா."

வக்கீலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வேலைதான் முடிஞ்சாச்சே, அப்புறம் எதுக்கு வாய்தா? துணி கொடுத்தது நான். வெட்டினது போக மிச்சம் ஒரு முழமானாலும் எனக்குத்தான் சொந்தம். எந்தக் கோர்ட்டில் வேணாலும் சொல்வேன்!"

"கோர்ட்டு எதுக்கு ஐயா, இங்கே சொன்னதே போதும்." துணியை மடித்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க உங்க மிச்சம். என் மிச்சம் எங்கே?"

கடையே கொல்லென்று சிரித்தது.

கணக்குச் சீட்டும் பணமும் மதியத்துக்குள் வந்து சேர்ந்தன. அதற்கப்புறம் அந்த வக்கீல் அவளிடம் மிச்சத் துணி கேட்டதே இல்லை. அவள்தான் ஒவ்வொரு முறையும் கேட்காமலே மடித்துக் கொடுப்பாள்.