நீலக்கல்லில் வந்த வெள்ளைத் தூள்

நாச்சிமுத்துவுக்கு முதல் துரோகம் செய்தவன் அவர் தம்பி பொன்னுசாமி. தாய் இறந்த சேதியை, எரித்துச் சாம்பலைக் கரைத்த பிறகுதான் சொல்லி அனுப்பினான். ஆறு வருடம் ஆயிற்று. ஒரு நாளும் அவர் அதை மறந்ததில்லை.

இரண்டாவது துரோகம் அன்று காலைவரை அவருக்குத் தெரியாது.

காங்கேயத்தில் நகைக் கல்லுக்குத் துளை போடும் தெய்வானையிடம், மனைவி இறந்த பிறகு, அறுபது வயதில் தொழில் பழக வந்தவர் அவர். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. அன்று நாச்சிமுத்து மெஷினில் உட்காரவில்லை. கையில் வீட்டுப் பத்திரம் இருந்தது.

“எங்கண்ணா கிளம்பிட்டீங்க?”

“அடமானம் வைக்கப் போறேன் அம்மிணி. போன்ல பேசுவாளே ஷர்மிளா, கத்தார்ல நர்சு, என்னைக் கட்டிக்கறேன்னவ. அவ வர்றதுக்கு முன்னாடியே நகையெல்லாம் பார்சல்ல போட்டுட்டா. சுங்கத்துல பிடிச்சு வெச்சிருக்காங்களாம். இன்னைக்கே வரி கட்டோணுமாம்.”

“முகத்தைப் பார்த்திருக்கீங்களா?”

“போட்டோ இருக்குது. வீடியோவுக்கு வான்னா கேமரா ரிப்பேருங்கறா.” பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கினார். “நெசமா பொய்யான்னு எப்படீங்க கண்டுபிடிக்கறது?”

தெய்வானை ஒரு நீல மணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“துளை போடுங்க.”

“இப்பவா?”

“அடமானக் கடை எங்கியும் ஓடிப்போகாது.”

நாச்சிமுத்து மணியைப் பிடியில் இறுக்கி, தண்ணீரைச் சொட்டவிட்டு, ஊசியை இறக்கினார். இந்த வகைக் கல் உள்வரை நீலம்; அசலானால் தூளும் நீலமாக வர வேண்டும். பால் போல வெள்ளையாக வழிந்தது.

“சாயக்கல்லு,” என்றார். “மேல எத்தனை அழகா இருந்துச்சு.”

“அவளுக்கும் ஒரு துளை போடுங்க.”

“எங்கீங்க போடறது?”

“அவகிட்ட எதைப் பத்தி அதிகமாப் பேசுவீங்க?”

“தம்பி செஞ்சதைத்தான். அவ ஒருத்திதான் என்கூடச் சேர்ந்து அழுதா. அவன் மூஞ்சியிலயே முழிக்காதீங்கன்னா.”

“உங்க தம்பி வந்துட்டார்னு அவளுக்குப் போன்ல எழுதுங்க.”

எழுதினார். தம்பி வந்தான். காலில் விழுந்தான். அம்மா நகையில் என் பங்கைக் கொடுத்துவிட்டான். ஆறு வருடமாகக் கேட்கக் காத்திருந்ததைத் தானே எழுதி, தானே படித்தார். கண் நிறைந்துவிட்டது.

பதில் உடனே வந்தது.

‘எத்தனை பவுன்?’

நாச்சிமுத்து போனைக் கீழே வைத்தார். பிறகு பத்திரத்தை நான்காக மடித்து மடியில் செருகினார்.

“ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. என்னை எதுக்குங்க பிடிச்சா?”

தெய்வானை மணியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைக்குள் மெல்லிய நீலக் கோடுகள் ஓடின.

“சாயம் விரிசல் வழியாத்தாண்ணா உள்ள ஏறும்.”

“அந்த விரிசலை உண்டாக்குனவன் என் தம்பி. அவன் வந்து பதில் சொல்லட்டும்.”

“வரலீன்னா?”

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.