இக்கரையில் ஒரு குழி

விடை தெரிந்துவிட்டது என்று நடுவில் குறுக்கிடாமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஓர் ஊர். ஊர் என்றால் ஒரே ஒரு தெரு. அங்கே வைத்திலிங்கம் என்ற பெரியவர் ஒரு மதிய வேளையில் இறந்துபோனார். "என்னை உங்க அம்மா பக்கத்துலதான் வைக்கணும்" என்று மூன்று பிள்ளைகளிடமும் வாக்கு வாங்கியிருந்தார். அம்மாவின் சமாதி இருப்பது அக்கரையில். அந்த வாரம் அணையைத் திறந்துவிட்டதில் ஊரைச் சுற்றி வெள்ளம். வடிய மூன்று நாளாகும் என்றார்கள்.

தெருவில் பிணம் கிடக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். மறுநாள் மதியத்துக்குள் பழைய சோறும் தீர்ந்துபோயிற்று. வீட்டில் யாரும் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

"தண்ணி வடியட்டும், வாக்குன்னா வாக்குதான்" என்று மூத்தவன் பரஞ்சோதி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டான். ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது.

இளையவன் இளவழகன் பரிசல்காரரை அழைத்துவந்தான். "போறதுக்குப் போயிடலாம் தம்பி. திரும்பி வர்றதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் அவர். அப்படியும் இளவழகன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கூடவர மூன்று ஆள் தேடினான். வீரத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மகள் தையல்நாயகியிடம் அடுத்த வீட்டுக் கோசலை வந்து நின்றாள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆன பச்சை உடம்பு. "பால் சுரக்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

தையல்நாயகி உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள்.

"இந்தக் கரையிலயே அடக்கம் பண்ணிடலாம்ண்ணே. வாக்குத் தப்புன பாவம் எனக்கே இருக்கட்டும்."

"அப்பா உன்ன மன்னிப்பாரா?"

"மாட்டாரு" என்றாள்.

மேட்டில் அவளே குழி வெட்டத் தொடங்கினாள். பாதிக் குழியில் ஆண்கள் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. தெருவில் அடுப்புகள் புகைந்தன.

இப்போது சொல்லுங்கள். காத்திருந்தவன், துணிந்தவன், வாக்கை மீறியவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தையல்நாயகி செய்ததுதான் சரி. மூத்தவன் காத்த வாக்குக்கு ஊர் பட்டினி கிடந்தது. இளையவனின் துணிச்சலுக்கு இன்னும் மூன்று வீட்டில் பிணம் விழுந்திருக்கும். அவள் மட்டும்தான் அன்றைக்கு எது முடியும் என்று பார்த்தாள். அதற்காக அப்பாவின் ஆசை நிறைவேறிவிட்டது என்று சமாதானம் சொல்லாதீர்கள், நிறைவேறவில்லை. அது அவளுக்கும் தெரியும். வாக்குக் கொடுத்தது மூன்று பேர். மீறிய பழி அவள் ஒருத்திக்கு. அன்று மாலை அண்ணன் தம்பி இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.